நாற்பத்தைந்து மில்லி

என் கையெழுத்து முப்பத்தோராம் பக்கத்தில் இருக்கிறது, மறுக்கவில்லை. நர்சிங் படிப்பில் சேர்ந்த முதல் நாளே செங்கல் கனத்துக்கு ஒரு விதிப் புத்தகத்தைக் கையில் கொடுத்து, மஞ்சள் சீட்டு ஒட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டேன். நாற்பத்திரண்டு வயதில், மூன்றாவது தடவை விண்ணப்பித்துக் கிடைத்த இடம். உன் சிறுநீரகத்தை எழுதிக் கொடு என்று கேட்டிருந்தாலும் போட்டிருப்பேன். கிட்டத்தட்ட அதைத்தான் கேட்டிருக்கிறார்கள் என்பது பிறகுதான் புரிந்தது.

அந்தப் பக்கத்தில் இருப்பது இதுதான். எந்த மாணவியின் பெயரையும் எந்த நாளிலும் குலுக்கிப் போட்டு எடுப்பார்கள். பெயர் வந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் பரிசோதனை நிலையத்துக்குப் போய்ச் சிறுநீர் கொடுக்க வேண்டும். போதை மருந்தோ மதுவோ தெரிந்தால் படிப்பு அதோடு முடிந்தது.

இதில் எனக்குச் சண்டை கிடையாது. கிழக்குக் கென்டக்கியில் எங்கள் மலைப் பக்கத்தில் வலி மாத்திரை ஆளை விழுங்காத வீடு இல்லை. என் தம்பி வெர்லினை எட்டு வருஷம் விழுங்கி வைத்திருந்து, இப்போதுதான் பத்தொன்பது மாதமாகத் திருப்பிக் கொடுத்திருக்கிறது. நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில், இடுப்பு உடைந்து முனகிக்கொண்டிருந்த கிழவரின் மாத்திரையை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்ட ஒரு நர்ஸை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்டவளை வடிகட்ட ஒரு சல்லடை வேண்டும் என்று சத்தமாகச் சொல்கிறவள் நான். என் வாழ்நாளில் நான் குடித்த சாராயமெல்லாம் இருமல் மருந்தில் கலந்து வந்ததுதான்.

அந்த முதியோர் இல்லத்தில் பதினாலு வருஷமாக நான் உதவியாள். நர்ஸ் இல்லை, நர்ஸுக்குக் கீழே. காலையில் இருபது பேரை எழுப்பி, துடைத்து, உடுத்தி, சக்கர நாற்காலியில் ஏற்றிச் சாப்பாட்டு அறைக்குக் கொண்டு போக எனக்கும் இன்னொருத்திக்கும் சேர்த்து இரண்டு மணி நேரம். அவர்கள் அத்தனை பேரையும் பாத்ரூமுக்குக் கூட்டிப் போகிற எங்களுக்கு, நாங்கள் பாத்ரூம் போக நேரம் கிடையாது. அதனால் எங்கள் கூட்டத்துக்கென்று ஒரு பழக்கம் உண்டு. வீட்டை விட்டுக் கிளம்பும்போது, வருகிறதோ இல்லையோ, உட்கார்ந்து முடித்துவிட்டுத்தான் கிளம்புவோம். வேலை நேரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்க மாட்டோம். வேலை முடிந்து காரில் ஏறியதும், கொண்டு வந்த இரண்டு லிட்டர் ஜாடியை ஒரே மூச்சில் காலி பண்ணுவோம். மாடு தோற்றுப்போகும்.

பட்டமளிப்புக்கு ஐந்து வாரம் இருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை. ஆஸ்பத்திரியில் எங்களுக்குப் பயிற்சி நாள். நான் ஒரு அம்மாவுக்கு இன்சுலின் போடுவதற்காக ஊசியைக் கையில் வைத்திருக்கிறேன், பையில் போன் அதிர்கிறது. குலுக்கலில் என் பெயர். ஊசியைக் கூடப் படிக்கிறவளிடம் ஒப்படைத்துவிட்டு ஓடினேன். பயம் எல்லாம் ஒன்றுதான்: போன இடத்தில் வரவில்லை என்றால்? காரில் ஜாடி நிறையத் தண்ணீர் இருந்தது. வழக்கம்போல மூச்சு விடாமல் குடித்தேன். போனேன், கொடுத்தேன், குழாயைத் திறந்தது மாதிரி வந்தது. நிம்மதியாகத் திரும்பி வந்தேன்.

வெள்ளிக்கிழமை எங்கள் துறைத் தலைவி பிரேட்டர் மேடம் கூப்பிட்டு அனுப்பினார். நல்ல மனுஷி. அறுபது வயசு, தலைமுடியைத் தேன்கூடு மாதிரி ஏற்றிக் கட்டியிருப்பார்.

"ட்ரெஸ்ஸா, உக்காரு. பயப்படாத. உன் மாதிரியில போதை எதுவும் இல்ல."

"இருக்காது மேடம்."

"ஆனா நீர்த்துப் போயிருக்கு."

"தண்ணி குடிச்சேன் மேடம். நாக்கு வறண்டு கெடந்துது. முந்தின நாள் பூரா இல்லத்துல வேலை."

"எனக்குப் புரியுது கண்ணு. ஆனா வேணும்னே தண்ணிய ஊத்திக் குடிச்சு மறைக்கிறவங்களும் இருக்காங்க இல்லையா? அதனால இன்னொரு தடவை குடுக்கணும். ரெண்டாவதும் நீர்த்திருந்தா, போதை இருந்த மாதிரிதான் கணக்கு."

"போதையே இல்லன்னு அதே காயிதத்துலதானே எழுதியிருக்கு?"

"விதி அப்படி. குடுக்க முடியாம போனாலும் மறுத்த மாதிரி கணக்கு. அதுவும் அதேதான்."

அதிகம் குடித்தால் குற்றவாளி. குடிக்காமல் போய் வராமல் போனால் அதுவும் குற்றவாளி. நடுவில் ஒரு கயிறு கட்டியிருக்கிறார்கள், அதன்மேல் நடக்க வேண்டும்.

அதுவும் போகட்டும் என்றால், நல்ல முடிவு வரும்வரை நான் நோயாளிகள் பக்கம் போகக் கூடாதாம். பயிற்சி வாராவாரம் செவ்வாயும் வியாழனும், காலை ஆறே முக்காலுக்கு. அதில் இரண்டு நாள்தான் வராமல் இருக்கலாம். மூன்றாவது நாள் போனால் பருவமே போச்சு. பிப்ரவரியில் ஓடை பெருகிப் பாலம் மூழ்கியபோது ஒரு நாள் போயிருந்தது. திங்கள்கிழமை மறுபரிசோதனை, அதனால் செவ்வாய் எப்படியும் போகும். வியாழக்கிழமை காலை ஆறே முக்காலுக்குள் முடிவு வந்தே ஆகவேண்டும்.

"புதன் சாயங்காலம் வந்துடும்" என்றார் மேடம். "காலையில ஏழரைக்குக் கதவு தெறக்கும்போதே போய் நின்னுடு. பத்து மணிக்கு லேபுக்குப் போற வண்டியில மாதிரியை ஏத்திட்டா புதனுக்குள்ள கட்டாயம் வந்துடும்."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வெர்லின் ஒரு இரும்பு வாணலியோடு என் வீட்டுக்குள் வந்தான். என் வீட்டுக்குப் பின்னால் நிறுத்தியிருக்கும் டிரெய்லர் வண்டியில் குடியிருக்கிறான். முப்பத்தாறு வயசு. போதை வழக்குக் கோர்ட்டின் கண்காணிப்பில் இருப்பவன். தினமும் காலை ஆறு மணிக்கு ஒரு நம்பருக்குப் போன் பண்ணுவான், ஒரு குரல் அன்றைய நிறத்தைச் சொல்லும். இவன் நிறம் பச்சை. பச்சை என்று வந்தால் போய்க் கோப்பையை நிரப்ப வேண்டும். பத்தொன்பது மாதத்தில் இருநூறு கோப்பையாவது நிரப்பியிருப்பான்.

"என்னடா இது?"

"மான்கறி. ஃப்ரீசர்ல இருந்துச்சு. இன்னிக்கு ராத்திரி நல்லா கறி தின்னு. ஒன்னுக்கு கெட்டியா வரும்."

"எனக்கே பாடம் எடுக்கிறியா? சிறுநீரகப் பாடத்துல நான் தொண்ணூத்தாறுடா."

"நீ படிச்சவ. நான் பேஞ்சவன்." அடுப்பைப் பற்ற வைத்துக்கொண்டே சொன்னான். "எட்டு மணிக்கு மேல தண்ணி தொடாத. காபி, டீ கூடாது. காலையில எந்திரிச்சதும் போவாத. அதுதான் முக்கியம். மொத ஒன்னுக்கை அப்படியே அடக்கிப் புடிச்சுக்கிட்டுப் போய் அங்க குடு. வேற ஒன்னுமே வேணாம்."

"இதெல்லாம் திருட்டு வழிடா."

"அக்கா, திருட்டு வழி என்னென்னன்னு எனக்குத் தெரியும். இது அது இல்ல. யோக்கியமா ஒன்னுக்குப் போறதுக்கே வழி தெரிஞ்சிருக்கணும்."

எனக்குச் சுருக்கென்றது. வாழ்நாள் முழுக்க ஒழுங்காக இருந்தவளுக்கு, ஜெயிலுக்குப் போய் வந்தவன் யோக்கியம் சொல்லிக் கொடுக்கிறான். ஆனாலும் கறியைத் தின்றேன். நன்றாகத்தான் பண்ணியிருந்தான். எட்டு மணிக்கு மேல் தண்ணீரைத் தொடவில்லை.

திங்கள்கிழமை காலை ஐந்தரைக்கு எழுந்தேன். பல் தேய்த்தேன். தலை வாரினேன். அடையாள அட்டையை எடுத்துப் பையில் வைத்தேன். கார் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு பாத்ரூமில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் முடித்து, தண்ணீரை இழுத்துவிட்டேன்.

தண்ணீர் சுழன்று இறங்கும்போதுதான் உறைத்தது.

பதினாலு வருஷம். வீட்டை விட்டுக் கிளம்பு என்றால் என் உடம்பு முதலில் அங்கேதான் போய் உட்காரும். மூளையைக் கேட்பதே இல்லை. ராத்திரி முழுக்கச் சேர்ந்த, மான்கறி தின்று கெட்டியாக்கிய, என் சீட்டைக் காப்பாற்றியிருக்க வேண்டிய அத்தனையும் குழாய் வழியாக ஓடைக்குப் போய்க்கொண்டிருந்தது. நான் பாத்ரூமில் நின்று போட்ட கூச்சலில் வெர்லின் ஓடி வந்தான்.

"என்னாச்சு அக்கா? விழுந்துட்டியா?"

"போயிட்டேன்டா!"

"எங்க போயிட்ட?"

"ஒன்னுக்குப் போயிட்டேன்!"

அவன் கதவுக்கு வெளியே நின்று சிரிக்கக் கூடாது என்று படாதபாடு பட்டான். எனக்கு அது மூச்சிலேயே கேட்டது. பிறகு சொன்னான்: "சரி வா, இன்னிக்கு எனக்கும் பச்சைதான். ஒரே வண்டியில போவோம்."

பரிசோதனை நிலையம் கடைத்தெருவில் இருக்கிறது. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, நேர் எதிரே மளிகைக்கடை. யார் உள்ளே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று முட்டை வாங்க வருகிற எல்லோருக்கும் தெரியும். ரகசியம் காக்கப்படும் என்று சுவரில் ஒரு பலகை வேறு மாட்டியிருக்கிறார்கள்.

மாதிரி வாங்குகிற பெண் பெயர் டார்லா. கோட்டைக் கழற்றச் சொன்னாள், பாக்கெட்டை வெளியே இழுத்துக் காட்டச் சொன்னாள். யாரும் தண்ணீர் கலந்துவிடக் கூடாது என்று பாத்ரூமில் குழாயை டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள், கழிப்பறைத் தண்ணீரில் நீலச் சாயம். நான் உள்ளே போய் உட்கார்ந்தேன். ஒன்றும் இல்லை. கண்ணை மூடி ஓடைகளை எல்லாம் நினைத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. காலி கோப்பையோடு வெளியே வந்தேன்.

டார்லா கடிகாரத்தைப் பார்த்து எழுதினாள். "ஏழு முப்பத்தஞ்சு. இதுலேருந்து மூணு மணி நேரம் உங்களுக்கு. பத்து முப்பத்தஞ்சுக்குள்ள குடுக்கணும். வெளிய போகக் கூடாது. அஞ்சு டம்ளர் வரைக்கும் தண்ணி குடிக்கலாம், அதுக்கு மேல கிடையாது."

"எத்தனை டம்ளர் குடிச்சா நீர்க்காது?"

"அதெல்லாம் நான் சொல்லக் கூடாதுங்க."

"உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரிஞ்சாலும் சொல்லக் கூடாதுங்க."

வெர்லின் உள்ளே போனான். நான்கு நிமிஷத்தில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான். டார்லா அவனைப் பார்த்து, "நன்றி வெர்லின், எப்பவும் போல சுத்தமான வேலை" என்றாள். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. அவன் வீட்டுக்குப் போகலாம், ஆனால் போகவில்லை. என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தான்.

நான் முதல் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு மனக்கணக்குப் போட்டேன். மணிக்கு இவ்வளவு சுரக்கும், உப்பு இவ்வளவு இருக்கும், தண்ணீர் சேர்ந்தால் இவ்வளவு இறங்கும். பரீட்சையில் இந்தக் கணக்குக்கு முழு மதிப்பெண் வாங்கியவள் நான். பரீட்சைத் தாளில் இருந்த சிறுநீரகம் யாருடையது என்று தெரியாது, அது என்னுடையது போல் பிடிவாதம் பிடிக்கவில்லை. வாய் வாயாகப் பாதி டம்ளர் குடித்தேன். ஒரு மணி நேரம் போனது. எதிரே மளிகைக்கடையிலிருந்து எங்கள் இல்லத்துச் சமையல்காரி பைகளோடு வெளியே வந்தாள். என்னைப் பார்த்தாள். பக்கத்தில் வெர்லினைப் பார்த்தாள். கையை ஆட்டுவதா வேண்டாமா என்று யோசித்து, ஆட்டாமலே போய்விட்டாள்.

"போச்சு" என்றேன். "மத்தியானத்துக்குள்ள ஊருக்கே தெரிஞ்சிடும்."

"தெரியட்டும். நீதான் ஒன்னும் பண்ணலையே."

"அதாண்டா எனக்கு ஆத்திரம்! நீ எட்டு வருஷம் கண்டதையும் தின்னே. உனக்கு நாலு நிமிஷம், நன்றி வெர்லின். நான் ஒன்னும் தின்னல, எனக்கு மூணு மணி நேரம், தீவாந்தர தண்டனை."

அவன் கோபப்படவில்லை. பூட்ஸின் முனையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அக்கா, போன வருஷம் ஒரு தடவை எனக்கும் நீர்த்துப் போச்சு. ஜட்ஜ் கூப்பிட்டார். ஏன்னு கேட்டார். வைக்கோல் ஏத்துற வேலை, வெயிலு, தண்ணி குடிச்சேன்னேன். மூஞ்சியப் பார்த்தார், சரி போன்னுட்டார். நான் தப்பு பண்ணவன், அதனால எனக்குன்னு ஒரு ஜட்ஜ் இருக்கார், போய்ச் சொல்லலாம். நீ தப்பே பண்ணல. உனக்கு யாரு இருக்கா, போய்ச் சொல்ல?"

மீதி டம்ளரைக் குடித்தேன்.

ஒன்பது நாற்பதுக்கு அடிவயிற்றில் லேசாக ஒரு அழுத்தம். ஓடினேன். வந்தது, சொட்டுச் சொட்டாக. கோப்பையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நல்ல தேன் நிறம். இதில் நீர்ப்பு என்று எந்தக் கொம்பனாலும் சொல்ல முடியாது. பிரசவ அறையிலிருந்து பிள்ளையை ஏந்தி வருகிறவள் மாதிரி வெளியே கொண்டு வந்தேன்.

டார்லா கோப்பையின் கோட்டைக் குனிந்து பார்த்தாள். "முப்பதுதான் இருக்கு. நாப்பத்தஞ்சு மில்லி வேணும்."

"சரி, இதை வச்சுக்கோங்க. அடுத்து வர்றதை இதோட சேர்த்துடுங்க."

"சேர்க்கக் கூடாதுங்க. ஒரே தடவையில நாப்பத்தஞ்சு வரணும்."

"அப்ப இது?"

அவள் என் முகத்தைப் பார்க்காமல் பாத்ரூமுக்குள் போய் அதைக் கொட்டினாள். விதிப்படி என் கண்ணெதிரே கொட்ட வேண்டுமாம், அதனால் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கொட்டினாள். நான் அழுதேன். அம்மா செத்தபோதுகூட அடக்கிக்கொண்டவள், முப்பது மில்லி மூத்திரத்துக்காக நிலையத்தின் நட்ட நடுவில் நின்று அழுதேன். வெர்லின் எழுந்து என்னையும் கண்ணாடியையும் மறைத்தாற்போல் முதுகைக் காட்டி நின்றான்.

"குடிங்க" என்றாள் டார்லா மெதுவாக. அவளும் பாவம், சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவள். "இன்னும் நாலு டம்ளர் இருக்கு உங்களுக்கு."

இனிமேல் கணக்குப் பார்க்க நேரமில்லை. மூன்று டம்ளரை அடுத்தடுத்துக் குடித்தேன். பத்து மணிக்கு ஒரு வெள்ளை வண்டி வாசலில் வந்து நின்றது. ஓட்டுநர் இறங்கி, பெட்டியை எடுத்துக்கொண்டு, டார்லாவுக்கு நல்ல நாளாக அமையட்டும் என்று வாழ்த்திவிட்டுக் கிளம்பினான். வெர்லினின் மாதிரி அதில் போனது. பத்து இருபத்தைந்துக்கு எனக்கு அறுபது மில்லி வந்தது. வெளிறிப் போயிருந்தது. டார்லா மூடியை ஒட்டினாள், நான் கையெழுத்துப் போட்டேன்.

"இது எப்பப் போகும்?"

"நாளைக்குப் பத்து மணி வண்டியிலங்க."

செவ்வாய் போனது. என் இரண்டாவது நாளும் கணக்கில் போனது. புதன் சாயங்காலம் ஐந்துக்கும் ஆறுக்கும் ஏழுக்கும் போனைப் பார்த்தேன். அந்த வெளிறிய நிறம் கண்ணை விட்டுப் போகவில்லை. நீர்த்திருக்கும் என்று ஒரு நேரமும், இருக்காது என்று ஒரு நேரமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பயிற்சி வகுப்பு ஆசிரியைக்குப் போன் பண்ணினேன், மேடத்தைக் கேட்கச் சொன்னார். மேடத்துக்குப் போன் பண்ணினேன், பரிசோதனை நிலையத்தைக் கேட்கச் சொன்னார். நிலையத்துக்குப் போன் பண்ணினேன், முடிவைக் கல்லூரிக்குத்தான் சொல்வார்களாம்.

வியாழக்கிழமை காலை சீருடையைத் தேய்த்து உடுத்திக்கொண்டு ஆறு மணிக்கே ஆஸ்பத்திரி வாசலில் காரை நிறுத்திக் காத்திருந்தேன். ஆறே முக்காலுக்குள் எப்போது போன் வந்தாலும் ஓடிப் போய் ஏறிவிடலாம் என்று கணக்கு. ஒவ்வொருத்தியாக உள்ளே போனார்கள். ஒருத்தி என்னைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்திக் காட்டினாள். ஆறே முக்கால் ஆனது, ஏழானது. கார் சூடேறியது. கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தேன். எதற்கு உட்கார்ந்திருக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. எழுந்து போனால் தோற்றுப் போனதாகிவிடும் என்று தோன்றியது.

பதினொரு மணிக்குப் போன் வந்தது.

"ட்ரெஸ்ஸா!" பிரேட்டர் மேடத்தின் குரலில் உண்மையான சந்தோஷம். "சுத்தம்! போதையும் இல்ல, நீர்க்கவும் இல்ல! நான் சொன்னேன்ல?"

"அப்ப மேல வரட்டுமா மேடம்? வாசல்லதான் இருக்கேன்."

அந்தப் பக்கம் காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது.

"கண்ணு, இன்னிக்கு ஆறே முக்காலுக்கு வந்திருக்கணும்ல."

"ஆறு மணிக்கே வந்துட்டேன் மேடம். இங்கதான் இருக்கேன். கேமரா இருக்கும், பாக்கச் சொல்லுங்க."

"கார்ல இருந்தா வந்ததா ஆகாதே."

"உள்ள விடக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன். முடிவு வராம உள்ள விடக் கூடாது. ஆனா உள்ள வராததால மூணாவது நாளும் போயிடுச்சு." அவர் குரல் உடைந்தது. "நான் டீன் வரைக்கும் பேசிப் பாத்துட்டேன் ட்ரெஸ்ஸா. இது யாரோ ஒருத்தர் எடுத்த முடிவுன்னா காலைப் புடிக்கலாம். இது விதி."

மத்தியானம் அவர் அறைக்குப் போனேன். விலகல் படிவம் தயாராக இருந்தது. விலகும் காரணம் என்று போட்டு மூன்று கட்டம். மதிப்பெண் குறைவு. சொந்தக் காரணம். போதை மற்றும் மது விதி.

"வருகைக் குறைவுன்னு ஒரு கட்டம் இல்லையா மேடம்?"

"இல்லையே. வராம போனதே அந்த டெஸ்டாலதானே, அதனால அது மூணாவது கட்டத்துல வரும். ஆனா நீ அதுல போடாத. சொந்தக் காரணம்னு போட்டுடு, யாரும் ஒன்னும் கேக்க மாட்டாங்க. இடம் இருந்தா அடுத்த ஜனவரியில மறுபடி எடுத்துக்கறேன், நானே பாத்துக்கறேன்."

அவர் நல்லதுக்குத்தான் சொன்னார். ஆனால் எங்கள் ஊரில் ஒரு பெண் சொந்தக் காரணத்துக்காகப் படிப்பை விட்டாள் என்றால் அவள் எந்த மறுவாழ்வு மையத்தில் இருக்கிறாள் என்பதுதான் அடுத்த கேள்வி. தபால்காரருக்குக்கூட அந்தக் கட்டத்தின் அர்த்தம் தெரியும்.

"எனக்கு ஒரு கடுதாசி குடுங்க மேடம். ட்ரெஸ்ஸா ரெண்டு தடவை டெஸ்ட் குடுத்தா, ரெண்டுலயும் போதை இல்லன்னு. ரெண்டு வரி. அது போதும்."

"டெஸ்ட் முடிவை எழுத்துல குடுக்க எனக்கு அனுமதி இல்ல கண்ணு. ரகசியம்."

"யாருகிட்டேருந்து ரகசியம்? என்கிட்டேருந்தா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அவரிடம் கத்தியிருக்கலாம். ஆனால் எதிரே இருந்தது அழுதுவிடும் போலிருந்த ஒரு மனுஷி. எனக்குக் கத்த வேண்டியிருந்தது முப்பத்தோராம் பக்கத்திடம், அதற்குக் காது இல்லை. பேனாவை எடுத்து மூன்றாவது கட்டத்தில் டிக் போட்டேன். நடந்தது அதுதான். பொய்க் கட்டத்தில் ஒளிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. வேண்டாம் வேண்டாம் என்று மேடம் கையை நீட்டினார், அதற்குள் அழுத்திப் போட்டுவிட்டேன்.

சனிக்கிழமை இல்லத்தில் என் வேலை நாள். படிப்பு போனாலும் இருபது பேரை எழுப்பத்தானே வேண்டும். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். முப்பது மில்லியையும், பத்து மணி வண்டியையும், கார் சூட்டையும், ஒன்று விடாமல் சொல்லத் தயாராகப் போயிருந்தேன். ஆனால் சமையல்காரி முதற்கொண்டு எல்லோரும், "எப்படி இருக்க செல்லம்?" என்று மட்டும் கேட்டார்கள், ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறவளிடம் கேட்கிற குரலில். நன்றாக இருக்கிறேன் என்றால் தலையை ஆட்டினார்கள்.

ஒன்பது மணிக்கு மருந்து வண்டி எங்கள் நடைக்கு வந்தது. அதைத் தள்ளி வந்தது ஓலீட்டா. எங்கள் பகுதிக்கு நர்ஸ், பதினாலு வருஷமும் அவளும் நானும்தான். வலி மாத்திரையெல்லாம் அந்த வண்டியின் பூட்டிய இழுப்பறையில். சாவி நர்ஸின் கையை விட்டுப் போகக் கூடாது என்பது விதி. ஆனால் ஓலீட்டாவுக்குச் சர்க்கரை, அடிக்கடி பாத்ரூம் போக வேண்டும். ஒவ்வொரு தடவையும், "புடி ட்ரெஸ்ஸா, இதோ வந்துட்டேன்" என்று சாவிக்கொத்தை என் கையில் போட்டுவிட்டு ஓடுவாள். வண்டியிலும் இழுப்பறையிலும் கண்ணை வைத்துக்கொண்டு அவள் வரும்வரை நான் நிற்பேன். ஒரு நாளும் நாங்கள் அதைப் பற்றிப் பேசியது கிடையாது.

அன்றைக்கும் ஐந்தாம் அறை வாசலில் வண்டியை நிறுத்தினாள். முகத்தைச் சுளித்தாள். எனக்குத் தெரிந்துபோயிற்று, பக்கத்தில் போய்க் கையை நீட்டி நின்றேன்.

ஓலீட்டா சாவிக்கொத்தை எடுத்தாள். என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாள். பொத்தானையும் மாட்டினாள்.

"இதோ வந்துட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வேகமாகப் போனாள்.

என் கை நீண்டபடியே இருந்தது. ஐந்தாம் அறைக் கிழவர் அதைக் கைகுலுக்க நீட்டியதாக நினைத்து இறுகப் பிடித்துக்கொண்டார். அவருக்கு முகம் கழுவ வேண்டியிருந்தது. வெந்நீர் பிடிக்கப் போனேன்.